பெயர் பொறித்த ஷாப்ட்

1959 ஆவணியில், பீளமேட்டில் உள்ள எங்கள் மோட்டார் பட்டறையில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: மூத்தவன் வெங்கடபதியாகிய நான், என் தம்பி திருமலைசாமி, லேத்தில் இரும்பு கடையும் அப்துல் நாசர், தன் மோட்டாரின் உடைந்த சுழல்தண்டை, அதாவது ஷாப்டை, சாக்கில் சுற்றிக்கொண்டு வந்த அன்னூர் விவசாயி சென்னியப்பன். வேறு யாரும் இல்லை.

சென்னியப்பன் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சாக்கைத் தம்பியிடம் நீட்டினார். "சின்னவரு பார்த்தாச் சரியா இருக்குமுங்க."

அந்த வருடம் எல்லோரும் அப்படித்தான். அப்பாவுக்குப் பின் பதினொரு வருடம் பட்டறையைக் காத்தவன் நான். என்ஜினீயரிங் படித்தவன் அவன்.

பேரிங்கை ஒட்டி ஷாப்டில் அப்பாவின் பெயரை அச்சு வைத்துச் சுத்தியலால் அடிப்பது எங்கள் வழக்கம். தம்பி உடைப்பை வெளிச்சத்தில் திருப்பினான்.

"அண்ணா, அப்பா பேருலிருந்துதான் விரிஞ்சிருக்குதுங்க."

"அவர் பேரை எடுத்துப்போட்டு உன் பேரை அடிக்கோணுமா?"

"யாரு பேரும் வேண்டாமுங்க. ஓட்டிப் பார்த்துப்போடலாம்."

பெயர் உள்ளது தாங்கினால் அவன் அந்தப் பேச்சை விட வேண்டும். உடைந்தால் ஷாப்ட் வேலை முழுவதும் அவனுக்கு. நான்தான் அப்படிச் சொன்னேன்.

ஒரே கம்பியில் நாசர் பத்து ஷாப்ட் கடைந்தார். ஐந்தில் பெயர், ஐந்தில் இல்லை. மற்றதெல்லாம் ஒன்றே: ஒரே வேகம், சுழலும்போது நுனியை இழுக்க ஒரே எடை. சுற்றுகளை எண்ண ஒரு மீட்டர்.

"ஒரு ஜோடி போதாதா?" என்றேன்.

"ஒண்ணு ஒடஞ்சா, எதோ தற்செயல்னு நீங்களே சொல்லுவீங்க" என்றான் தம்பி.

அச்சை நானே அடித்தேன், வீம்பில் வழக்கத்தைவிட ஆழமாக.

"மெதுவாங்க மொதலாளி, கம்பிக்கு நோவும்" என்றார் நாசர்.

ஒன்றரை மாதம் ஓடியது. பெயருள்ள ஐந்தும் முப்பது லட்சம் சுற்றுக்குள், எழுத்திலேயே உடைந்தன. பெயரில்லாதவற்றில் நான்கு, ஒரு கோடி சுற்றைத் தாண்டியும் உடையவில்லை. ஒன்று மட்டும் கோடியை எட்டுமுன் முறிந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

"எழுதிக்கோங்க நாசரண்ணே, எழுபது லட்சம்."

தன் பக்கத்து ஷாப்ட் உடைந்ததையும் முகம் வாடாமல் எழுதச் சொன்னான். அவன் படிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அதன் பிறகு நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டோம் என்று பீளமேட்டில் பேசுகிறார்கள். பிரிக்கவில்லை. ஷாப்ட் வேலையை நானே அவனிடம் ஒப்படைத்தேன். அவன் கேட்கவில்லை.