இரண்டாயிரம் எருமைகள்

ஈஸ்வரபாண்டி ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். மோட்டார் போட்டான், தொட்டி நிரம்பியதும் நிறுத்தினான். பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரித்து ஒரு தம்ளர் டீ போட்டான். மிச்சப் பாலை ஃபிரிட்ஜில் வைத்தான். நான்கு சட்டைகளைத் தேய்த்து மடித்தான். ஏழு மாதமாக இதே வரிசை. வேலை நாளென்றால் கடைசியில் உத்தமபாளையம் பஸ் வரும். அங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் அவனுக்கு வேலை. இன்று ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை வருவது மாமியாரின் போன்.

நதியாவின் அம்மா ஜோதிலட்சுமி வாராவாரம் பதினோரு மணிக்குச் சின்னமனூரிலிருந்து கூப்பிடுவாள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியாகத் தன் மகள் என்ன சொன்னாள் என்று கேட்பாள். ஒன்றும் சொல்லவில்லை என்பான். அது பொய். தேனி ஆஸ்பத்திரியில், டெங்குக் காய்ச்சலின் ஐந்தாம் நாள், நதியா கண்ணைத் திறந்து அவனை நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. காய்ச்சலில் உளறுகிறாள் என்றாள் நர்ஸ். மறுநாள் விடியும்போது நதியா இல்லை.

பெற்றவளிடம் உளறலைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. அவனுக்கும் அது உள்ளே கிடந்து அறுத்தது. கடைசியாகப் பேசியது அவளா, காய்ச்சலா? காய்ச்சல்தான் என்றால், அவள் அதற்கு முன்பே, அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறாள்.

பத்து மணிக்கு வாசலில் "நதியாக்கா" என்று குரல் கேட்டது.

ராயப்பன்பட்டிப் பெண் பிரின்சி. கையில் டேப்லெட். சென்னையில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் இந்தப் பள்ளத்தாக்கின் சில வீடுகளைப் பொறுக்கியெடுத்து, பதினைந்து வருடமாக அதே வீடுகளில் அதே கேள்விகளைக் கேட்டுவருகிறது. யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், என்ன வைத்திருக்கிறார்கள். காமயகவுண்டன்பட்டியில் இந்த வீடு நாற்பத்தொன்றாம் எண். முதலில் அவனுடைய அப்பா பதில் சொன்னார். கல்யாணமான பிறகு நான்கு வருடம் நதியா சொன்னாள். கேள்வி கேட்க வரும் நாளில் அவன் எப்போதும் ஆபீசில் இருப்பான்.

அவன் விஷயத்தைச் சொன்னான். பிரின்சி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, போன வருடப் பட்டியலை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்க்காவிட்டால் மெஷின் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள். ஒரு பெயருக்கு எதிரே, அவன் பார்க்காதபடி திரையைச் சாய்த்துக்கொண்டு எதையோ தொட்டாள். பக்கம் நகர்ந்தது.

"எருமை ஒண்ணு. இருக்குல்ல சார்?"

"என்ன எருமை?"

"ஒங்க எருமைதான்."

இது வேறு வீட்டுக் கணக்காக இருக்கும் என்றான் அவன். அவள் எண்ணைக் காட்டினாள். நாற்பத்தொன்று. அவன் அப்பா பெயர். பிறகு வரிசையாகப் படித்தாள். நான்கு வருடத்துக்கு முன் ஆண்டிபட்டிச் சந்தையில் வாங்கியது. இரண்டாம் வருடம் கன்று போட்டது. மூன்றாம் வருடம் கன்றை நாத்தனாருக்குச் சீராகக் கொடுத்தது. ஈஸ்வரபாண்டிக்கு உடன்பிறந்தவர் யாரும் கிடையாது. பால், காலையில் நாலு லிட்டர், சாயங்காலம் மூணு.

வீட்டுக்காரரின் ஒரு நாள் என்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. நாலரைக்கு எழுவது. நாலே முக்காலுக்குத் தொழுவம் கூட்டுவது. ஐந்துக்குப் பால் கறப்பது. ஐந்தரைக்குப் புல் அறுப்பது. ஆறேகாலிலிருந்து ஆறரை வரை எருமையோடு பேசிக்கொண்டிருப்பது.

"அதுக்கு லிஸ்ட்ல எடமே இல்ல சார். 'மற்றவை'யில போட்டு, அக்கா சொன்னத அப்படியே எழுதிட்டேன்" என்ற பிரின்சி, அவன் கைகளைப் பார்த்தாள். விரலில் பேனா மை. ஒரு காய்ப்பு இல்லை.

போட்டோ இருக்கிறது என்றாள். போன வருடம் சூப்பர்வைசர் நேரில் வந்து சோதித்து எடுத்தது. வேப்பமரத்தடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நதியா நின்றாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் செய்வாள். பக்கத்தில் எருமை. இடது கொம்பு முறிந்திருந்தது.

அந்தக் கொம்பை அவனுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப்புறம் பார்த்துக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டு ராஜாத்தி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். போட்டோவைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க எருமைதேன் தம்பி. அரை மணி நேரம் குடுங்க மதினின்னு ஓட்டிட்டுப் போனா."

பிறகு முழுக் கதையும் வந்தது. முதல் வருடம் பிரின்சி வேலைக்குப் புதிது. காரா, இல்லை. கிணறா, இல்லை. பசுவா, இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் இந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிக்கொண்டே போனதாம். எத்தனை இல்லைதான் சொல்வது என்று வெட்கமாகிப்போய், நதியா இருக்கிறது என்று ஒரு எருமையைக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகு அடுத்த வருடம் அதற்குத் தீனி போட வேண்டியிருந்தது.

தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"ஒங்ககிட்டச் சொன்னா மறுநாளே லீவு போட்டுத் திருத்தப் போயிருவீகளாம். சமயம் பாத்து நானே அவுகளுக்குச் சொல்லிக்கிறேன், நீங்க வாயத் தொறக்காதீகன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா."

உண்மைதான். போயிருப்பான்.

பிரின்சியின் முகம் வெளுத்திருந்தது. கணக்கில் ஒரு வீடு என்பது ஒரு வீடு இல்லை என்றாள். எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பதால், பொறுக்கிய ஒவ்வொரு வீடும் அதைப் போன்ற மற்ற வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது. நாற்பத்தொன்றாம் எண் நிற்பது இரண்டாயிரம் வீடுகளுக்கு.

"அப்படின்னா?"

"ரெண்டாயிரம் எருமை சார்."

ஈஸ்வரபாண்டி அவற்றைப் பார்த்தான். கூடலூரிலிருந்து அல்லிநகரம் வரை இரண்டாயிரம் எருமைகள், எல்லாவற்றுக்கும் இடது கொம்பு முறிந்து. திராட்சைப் பந்தலுக்கடியில், வாய்க்காலில், டவுன் பஸ்ஸுக்கு முன்னால் நகராமல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் செம்பும் கையுமாக ஒரு கணவன். ஆறேகால் ஆனதும் பள்ளத்தாக்கு முழுக்க இரண்டாயிரம் கணவர்கள் குனிந்து எருமையின் காதில் பேச ஆரம்பித்தார்கள்.

முதலில் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தான். வயிறு குலுங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், பிடி நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "சீரு" என்றான், "நாத்தனாருக்குச் சீரு" என்றான், அதற்கு மேல் வரவில்லை. பிரின்சிக்கும் தொற்றிக்கொண்டது. டேப்லெட்டை மடியில் கவிழ்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று புரியாமல் ராஜாத்தி ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துவந்து அவன் தலையில் தெளித்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

தண்ணீர் கழுத்தில் வழிந்தபோதுதான் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான்.

"சமயம் பாத்துச் சொல்றேன்னா சொன்னா?"

"ஆமா தம்பி. ஒவ்வொரு வருசமும் அதேதேன் சொல்லுவா."

அவன் போட்டோவை மறுபடி வாங்கிப் பார்த்தான். மடித்த உதடு. ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகும் உதடு அப்படித்தான் இருந்தது. வறண்டு போயிருக்கிறது என்று நினைத்துப் பஞ்சை நனைத்து ஒற்றினான்.

பழைய பதிலைத் திருத்தலாமா என்று பிரின்சியிடம் கேட்டான். சொன்னவரே வந்து சொன்னால்தான் மெஷின் ஏற்கும் என்றாள். இந்த வருடத்துக்கு என்ன போட? வித்தாச்சா, செத்துப்போச்சா, இருக்கா?

"இருக்கு" என்றான்.

போன் அடித்தது. மணி பதினொன்று. சாப்பாடு, தூக்கம் எல்லாம் முடிந்து மாமியார் அந்தக் கேள்விக்கு வரும்வரை அவன் காத்திருக்கவில்லை.

"அத்தே, ஒண்ணும் சொல்லலைன்னு நான் சொன்னது பொய். சொன்னா. நல்ல நெனவோடதேன் சொன்னா, இன்னைக்குத்தேன் எனக்கு வெளங்குச்சு. ஏன் சொன்னாங்கிறது பெரிய கதை, பொறவு சொல்றேன். நீங்க மொதல்ல இதக் கேளுங்க."

அவன் நதியாவின் குரலிலேயே சொன்னான்.

"எருமைக்குத் தண்ணி வச்சீகளா?"