ஆறவிடாத வட்டம்

காலை ஏழு மணிக்குக் கம்பளிக் கிடங்கின் கதவு திறக்கும். ஏழு ஐந்துக்கெல்லாம் மில்டன் தெச்சேரா கெட்டிலை அடுப்பில் ஏற்றியிருப்பான். செம்மறியாட்டு ரோமத்தைத் தரம் பிரித்து மூட்டை கட்டுகிற வேலை அங்கே ஆறு பேருக்கு. ஆனால் மாத்தே என்னும் கசப்பு இலைப் பானத்தை ஊற்றுகிற வேலை மில்டன் ஒருவனுக்குத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் முதலாளி இரண்டு முறை மாறிவிட்டார். ஊற்றுகிற கை மாறவில்லை.

சுரைக்குடுக்கையில் இலைத்தூள், அதன்மேல் வெந்நீர், உறிஞ்ச ஒரு உலோகக் குழல். ஆறு வாய்க்கும் அதே குடுக்கை, அதே குழல். ஊற்றுகிறவன்தான் முதலில் குடிக்க வேண்டும். முதல் குடுக்கையில் கசப்பும் அதிகம், சூடும் அதிகம்; அந்த அடியை அவன் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குப் பதமாகக் கொடுப்பதுதான் மரியாதை. அவர்கள் ஊரான மேலோ நகரத்தில் எல்லோரும் வெந்நீர் குடிப்பார்கள், மில்டனின் ஆட்கள் கொதிநீர் குடிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. மில்டனுக்குப் பந்து ஆடத் தெரியாது. பாட்டு வராது. குதிரைகள் அவனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மனுஷனுக்கு இருந்தது இந்த ஒரு பெருமைதான்.

அந்தப் பெருமை மூன்று மாதமாக அவன் நெஞ்சுக்குள் முள்ளாக நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுட்ட இறைச்சித் துண்டு ஒன்று இறங்க மாட்டேன் என்று நடுவழியில் உட்கார்ந்துகொண்டது. வேலிக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்று, கண்ணீர் வழிய அதை வெளியே எடுத்தான். திரும்பி வந்து, புகை கண்ணில் பட்டுவிட்டது என்றான். அதற்குப் பிறகு இறைச்சி மேஜைக்கு அடியில் நாய்க்குப் போனது. பின்னர் ரொட்டியும் போனது. ஆனால் காலையில் முதல் குடுக்கையை மட்டும் நாய்க்குக் கொடுக்க முடியாதே.

கையில் வைத்துச் சற்று ஆற விடலாமென்றால் அதற்கும் வழியில்லை. அடுத்தவன் காத்திருப்பான். கொஞ்சம் தாமதித்தால், மூட்டை கட்டும் அனிபால், "அது மைக் இல்லப்பா, குடிச்சிட்டுக் குடு" என்பான். ஒருநாள் மில்டன் கெட்டிலை ஏற்றாமல், வீட்டிலிருந்தே பிளாஸ்க்கில் வெந்நீரோடு பச்சைத் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் கலந்து கொண்டுபோனான். அனிபால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் குழலை உற்றுப் பார்த்தான்.

"எவன் வீட்டுலயோ புள்ள பொறந்திருக்கு. குளிப்பாட்ட வெச்ச தண்ணிய நம்மாளு இங்க கொண்டாந்துட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மில்டன்தான். மறுநாள் கெட்டில் மூடி எகிறும் வரை அடுப்பில் கிடந்தது.

மனைவி நிபியாவை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. அவள் ஒருநாள் நாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கொழுக்குது, நீ இளைக்கிற. என்ன நடக்குது இந்த வீட்டுல?" என்று கேட்டாள். பதிலுக்கு அவன் சொன்ன நகைச்சுவை எடுபடவில்லை. அந்த வாரமே இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தன் மேஜையிலும் குடுக்கை வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் மில்டனுக்குப் பாதி பயம் தெளிந்தது. இலை உடம்புக்கு எதிரியில்லை, அளவாகக் குடித்தால் சுறுசுறுப்புத்தான், ஆனால் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதுதான் ஆபத்து என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். தினமும் அதே இடத்தில் சூடு பட்டுப் புண்ணாகி, வருஷக்கணக்கில் அது புற்றுநோயாகவும் மாறலாம்; சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க நாள் குறித்தாள். முந்தின இரவு பத்து மணிக்குப் பிறகு வாயில் எதுவும் படக்கூடாது என்றாள். மில்டன் பயபக்தியுடன் தலையாட்டினான்.

அந்த நாளும் வந்தது. நர்ஸ் எதிரே நின்று ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டபோது, ரொட்டியில்லை, காப்பியில்லை, சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்று மார்தட்டினான். நர்ஸின் பார்வை அவன் கக்கத்தில் இருந்த பிளாஸ்க்கின் மேல் நின்றது.

"மாத்தே குடிச்சீங்களா ஐயா?"

"காலையில ஒரு நாலஞ்சு குடுக்கை. அதெல்லாமா கணக்கு?"

காத்திருந்த கூட்டமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கையிலும் குடுக்கை இருந்தது. அடுத்த தேதிக்கு நாற்பது நாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். மில்டன் மறுநாள் கிடங்கில் நர்ஸ் மாதிரி இடுப்பில் கைவைத்து நடித்துக் காட்டி, வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தான். அவன் அவர்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. நர்ஸ் திருப்பி அனுப்பியபோது, பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று லீவு விட்டதுபோல் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த நாற்பது நாள் இருக்கிறதே, அது பொறியில் மாட்டிய எலியின் நாற்பது நாள். ஒருபக்கம் டாக்டர் சொன்னது, மறுபக்கம் அனிபாலின் நாக்கு. ஒவ்வொரு காலையும் முதல் குடுக்கை தீக்கோல் மாதிரி உள்ளே இறங்கியது. அவன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததை ஊற்றி நீட்டினான். சூப்பும் கூழுமாகச் சாப்பிட்டான். இடுப்புவாரில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டான்.

மறுபடி குறித்துக் கொடுத்த நாள் விடிந்தது. மில்டன் சமையலறைக்குள் நுழைந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்தான். மேஜையருகே நிபியா ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள்.

"போன தடவ மறந்து குடிச்ச. நம்புனேன். இன்னிக்கு எதுக்குக் கெட்டில எடுத்த?"

கை பழக்கம் என்றான். அவள் அசையவில்லை. அவனுக்கு இன்னொரு நகைச்சுவை தேவைப்பட்டது. வாயைத் திறந்தான், அது வரவில்லை.

"பாத்தா ஏதாவது இருந்திரும் நிபியா."

"பாக்கலைன்னா இல்லாம போயிருமா? உன்ன இங்க உக்கார வெச்சிக்கிட்டு, நீ தினமும் கொஞ்சம் கொஞ்சமா காணாம போறத என்னையப் பாக்கச் சொல்றியா?"

அவள் எழுந்து கெட்டில் நீரைத் தொட்டியில் கொட்டினாள். அவன் தடுக்கவில்லை.

குழாய் விட்டுப் பார்த்தபோது தொண்டைக்குள் பட்டன் அளவுக்கு ஒரு புண் இருந்தது. அதில் சிறிது கிள்ளியெடுத்துத் தலைநகருக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரமாகும். கெட்டதாக இருந்தாலும் இப்போது வந்ததே நல்லது, இன்னும் ஆறு மாதம் தள்ளியிருந்தால் தன்னால் இப்படிச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர்.

திங்கட்கிழமை ஏழு ஐந்துக்கு மில்டன் கிடங்கில் இருந்தான். கெட்டில் முனக ஆரம்பித்ததுமே இறக்கினான். முதல் குடுக்கையை ஊற்றிப் பக்கத்து மூட்டையின் மேல் வைத்தான். வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து பேர் குடுக்கையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்னய்யா, பூசை போடுறியா?" என்றான் அனிபால்.

மில்டன் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அது முதல் தடவை என்பதால் மற்றவர்களின் சிரிப்பு தானாக அடங்கிப்போனது. வேலியோரம் நின்ற கதையை, நாய் கொழுத்த கதையை, தொண்டைக்குள் இருக்கும் பட்டனை எல்லாம் சொன்னான். பிறகு சொன்னான்:

"நீங்க சிரிப்பீங்கன்னு பயந்து மூணு மாசம் நெருப்ப முழுங்கினேன். சுடுதுன்னா சுடுதுன்னு சொல்லணும்யா. ஆறவெச்சுக் குடிச்சா ஆம்பளத்தனம் ஒண்ணும் கரைஞ்சு போயிராது. முழுங்கக் கஷ்டமா இருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்டப் போகணும். வெக்கப்பட்டு மறைச்சா, அது உள்ள உக்காந்து வளரும். இனிமே என் கையால கொதிக்கிறது வராது. வேணும்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

ஆறிய குடுக்கை ஒரு சுற்று போனது. அனிபால் வாங்கினான், குடித்தான், திருப்பிக் கொடுத்தான்.

மற்றவர்கள் மூட்டைகளுக்குப் போன பிறகு அவன் மில்டனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, சட்டைக் கையில் ஒட்டியிருந்த ரோமத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்தான்.

"ஈஸ்டர்ல இருந்து எனக்கு ரொட்டி எறங்க மாட்டேங்குது," என்றான் மெல்ல. "வீட்டுல சொல்லல. அந்த டாக்டரம்மா என்னிக்கு வருவாங்க?"

மில்டன் தன் கையைப் பார்த்தான். அத்தனை வருஷமும் அனிபாலுக்குக் கொதிநீர் ஊற்றியது அந்தக் கைதான்.

"வியாழக்கிழமை," என்றான். "நானும் கூட வர்றேன்."