இரண்டு மணிக்கும் இரண்டு இருபதுக்கும் நடுவே

நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் தேறிவிட்டன. திரையில் மேலிருந்து கீழ்வரை பச்சை. வேறொரு நாளாக இருந்தால் பூதக்கண்ணாடி நிம்மதியாகக் காபி குடிக்கப் போயிருப்பாள். இன்று காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள், குடிக்காமல் வைத்தாள்.

பூதக்கண்ணாடி என்பது அலுவலகம் வைத்த பெயர். மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் விடமாட்டாள். அவள் எழுந்து வருகிறாள் என்றாலே புரோகிராமர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த முறை ஒரு மருத்துவமனைக்கான மென்பொருள். நர்ஸ் நோயாளிக்கு மருந்து கொடுத்ததும் கையிலுள்ள டேப்லெட்டில் 'கொடுத்தாயிற்று' என்று தொட வேண்டும். திங்கட்கிழமை பதினோரு வார்டுகளிலும் ஒரே நேரத்தில் தொடங்குகிறது. இன்று வெள்ளி. மாலை நான்கு மணிக்குள் 'பயன்பாட்டுக்குத் தகுதியானது' என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

எல்லாம் நேற்று வீட்டுக்கு வந்த நாத்தனாரால் வந்த வினை. அவள் அதே மருத்துவமனையில் நர்ஸ். செருப்பைக் கழற்றும்போதே புலம்பல் ஆரம்பமாகிவிட்டது. இரண்டு மணிக்கு டூட்டி முடியும் என்பதெல்லாம் பேருக்குத்தானாம். ஒவ்வொரு நோயாளியாகச் சொல்லி அடுத்தவளிடம் ஒப்படைத்துக் கிளம்புவதற்குள் இரண்டு இருபது ஆகிவிடுகிறதாம். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பூதக்கண்ணாடிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவளுடைய மென்பொருள் சரியாக இரண்டு மணிக்கு, பணி முடிக்கும் நர்ஸின் மருந்துப் பட்டியலைப் பூட்டிவிடும். அதற்குள் தொடாத மருந்தெல்லாம் புதிய நர்ஸின் திரையில் 'கொடுக்கப்படவில்லை' என்று சிவப்பில் வரும்.

அப்படியானால் நானூற்றுப் பன்னிரண்டும் எப்படித் தேறின? அதற்கு அந்த அலுவலகத்தின் வேலைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மென்பொருள் செய்வதில் பல முறைகள் உண்டு. அருவி முறையில் முதலில் என்ன வேண்டும் என்று கேட்டுத் தேவை ஆவணம் எழுதுவார்கள், பிறகு வடிவமைப்பு, பிறகு நிரல் என்கிற புரோகிராம், பிறகு சோதனை, பிறகு வெளியீடு. கீழே விழுந்த தண்ணீர் மேலே ஏறாது. அஜைல் என்றால் கொஞ்சம் செய்து, பயன்படுத்துகிறவரிடம் காட்டி, திருத்தி, மறுபடி கொஞ்சம் செய்வது. அலுவலகச் சுவரில் கொட்டை எழுத்தில் அஜைல் என்றுதான் ஒட்டியிருந்தது. தினமும் காலையில் பதினைந்து நிமிடம் நின்றுகொண்டே பேசுவார்கள், அவர்களுடைய அஜைல் அத்தோடு சரி. மேலாளருக்குப் பிடித்தது வி முறை. ஆங்கில வி எழுத்தின் இடது காலில் தேவையிலிருந்து நிரல் வரை இறங்குவார்கள், வலது காலில் சோதனை சோதனையாக ஏறுவார்கள். இடப்பக்கம் உச்சியில் இருக்கும் தேவை ஆவணத்துக்கு வலப்பக்கம் உச்சியில் இருக்கும் கடைசிச் சோதனை ஜோடி. அந்த ஆவணமே தப்பாக இருந்தால் அதன் ஜோடியும் அந்தத் தப்புக்குத்தான் தலையாட்டும். இதை மட்டும் மேலாளர் பலகையில் வரைந்து காட்டியதில்லை.

ஒன்றரை மணிக்கு, நாத்தனாரின் வார்டுப் பட்டியலைச் சோதனை டேப்லெட்டில் ஏற்றி, அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள்.

வார்டில் சுவரோரமாக நின்றாள். நாத்தனார் நிற்க நேரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு, ஆறாம் படுக்கைப் பெரியவருக்கு, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான ஊசியைப் போட்டுவிட்டுக் காகிதத்தில் குறித்தாள். பூதக்கண்ணாடி அதையே டேப்லெட்டில் பதிவுசெய்யப் பார்த்தாள். பட்டியல் பூட்டிக்கிடந்தது. அடுத்த நர்ஸின் பட்டியலைத் திறந்தாள். ஆறாம் படுக்கை சிவப்பு.

அப்போதுதான் பணிக்கு வந்த நர்ஸ் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஆறாம் பெட்டுக்கு இன்னும் போடலையா? இருங்க, நான் போட்டுடறேன்" என்று ஊசித் தட்டை எடுத்தாள்.

போட்டாயிற்று, போட்டாயிற்று என்று பூதக்கண்ணாடி பதறிக்கொண்டு குறுக்கே நின்றாள். பெரியவர் ஒன்றும் தெரியாமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் நாத்தனாரின் முகம் மாறிவிட்டது. "அண்ணி, திங்கக்கிழமை முதல் காகிதமே கிடையாதுன்னுட்டாங்க. இன்னைக்கு நீங்க நின்னீங்க. அன்னைக்கு யாரு நிப்பா?"

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மனம் ஒரே ஆளைத் திட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை எழுதிய புரோகிராமர் நடுத்தர வயதுக்காரர், எந்நேரமும் ஹெட்போனும் தலையுமாக இருப்பவர். காதை அடைத்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று கறுவினாள். போய்ச் சேர்ந்ததும் ஆதாரத்தோடு பிடிக்க வேண்டும் என்று பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினாள்.

கிடைத்தது. பத்து மாதத்துக்கு முன் அவர் எழுதியது: 'இரண்டு மணிக்குப் பட்டியலைச் சட்டென்று பூட்ட வேண்டுமா? பணி ஒப்படைக்க நேரம் ஏதும் உண்டா? வார்டில் ஒருமுறை கேட்டுச் சொல்ல முடியுமா?'

நான்கு நிமிடத்தில் பதில் போயிருந்தது: 'ஆவணத்தில் உள்ளபடி செய்யவும்.' கீழே அவள் பெயர்.

அவளுக்கு முகம் சுட்டது. அப்போது அவள் தேவை சேகரிக்கும் வேலையில் இருந்தாள். மருத்துவமனை அலுவலகம் அனுப்பிய பணிநேரத் தாளைப் பார்த்து அப்படியே எழுதினாள். அதே மருத்துவமனையில் சொந்த நாத்தனார் இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுப் பேச்சு வேறு, ஆவணம் வேறு என்று நினைத்திருந்தாள். பிறகு சோதனைப் பிரிவுக்கு மாறி, தான் எழுதியதற்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டாள்.

மூன்றரைக்கு மேலாளர் அறையில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, திங்கட்கிழமையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாதவர். "தேவை ஆவணத்துல கை வச்சா மூணு மாசம் போயிடும். நிரல் பிழைன்னு பதிவு பண்ணிடுங்க. பூட்டுற நேரத்தை அரை மணி தள்ளி வச்சா முடிஞ்சது" என்றார். அந்த அரை மணியும் கேட்காமல் போட்ட கணக்குத்தானே என்றாள் அவள். மற்ற பத்து வார்டிலும் எப்படி என்று யாருக்குத் தெரியும்? அவர் காதில் வாங்காமல் ஹெட்போன்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

ஹெட்போன்காரர் பெயரில் இந்த ஆண்டு ஏற்கெனவே இரண்டு பிழைகள். இரண்டையும் பதிவுசெய்தவள் பூதக்கண்ணாடிதான். மூன்றாவது ஏறினால் அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். மேலாளர் சொன்னதை அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார். அந்த மின்னஞ்சலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"என் பேர்லயே போட்டுக்கோங்க மேடம்" என்றார் அவளைப் பார்த்து. "எனக்குப் பழகிடுச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இது பொறுக்கவில்லை. பதிவுப் படிவத்தைத் திறந்தாள். குறை பிறந்த கட்டம் என்ற இடத்தில் 'தேவை சேகரிப்பு' என்று தேர்ந்தெடுத்தாள். பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். வெளியீட்டுத் தாளில் 'தகுதியற்றது' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள்.

"குழுத் தலைமைக்கு உங்க பேரைத்தான் மேலிடத்துல சொல்லி வச்சிருக்கேன். யோசிச்சுத்தான் பண்றீங்களா?" என்று கேட்டார் மேலாளர்.

யோசிக்காமல் செய்தது பத்து மாதத்துக்கு முன்னால்தான் என்றாள். ஒரே ஒரு வார்டில், காகிதத்தையும் கூடவே வைத்துக்கொண்டு, நர்ஸுகள் பக்கத்தில் நின்று பார்த்து, திருத்தித் திருத்திக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னாள். மேலாளர் தொலைபேசியை எடுத்தார். திங்கட்கிழமை தொடங்க முடியாது என்று யாரிடமோ சொல்ல ஆரம்பித்தார்.

வெளியே நடைவழியில் அவள் ஹெட்போன்காரரை நிறுத்தினாள். "அன்னைக்கு நீங்க சரியாத்தான் கேட்டீங்க. நான்தான் தெரியாததை மறைக்க அதிகாரம் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

"உங்க பதில் வந்த அன்னையோட நான் கேக்கறதையே விட்டுட்டேன் மேடம்" என்றார். "அதுக்கப்புறம் இன்னும் ஆறு சந்தேகம் வந்துச்சு. எதையும் யார்கிட்டயும் கேக்கல. ஆவணத்துல உள்ளபடியே எழுதிட்டேன்."