மூன்று பேருக்கான காற்று

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. காரக்கோணத்தில் ஒரு டயர் கடையில் கிடைத்தது. காருக்குக் காற்று பிடிக்க நிறுத்தினேன். முப்பத்திரண்டு வையுங்கள் என்றேன். கடைக்காரர் சுந்தரதாஸ் குழாயைக் கையில் பிடித்தபடி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எத்தற பேரு போறீங்க?"

"நான் மட்டும்தான். காற்றுக்கும் ஆளுக்கும் என்ன?"

"பின்ன? ஆளு கூடினா காற்றும் கூட்டணும். ஆளு கொறவுன்னா கொஞ்சம் கொறச்சா மதி, வண்டி குலுங்காம போவும். இதில தெற்றிப் போய் பண்டு, சமரக் காலத்தில, ஒருத்தன் சொந்த அண்ணனைக் கொன்னுட்டான்."

யார், என்ன என்று கேட்பதற்குள் ஒரு லாரி வந்து நின்றது. அவர் போய்விட்டார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் நான் கட்டிவிட்டது. பழியும் என்னுடையதே.

2

முதல் தொடக்கம்: "1954ஆம் ஆண்டு, திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்ஜியத்தின் தமிழ் ஊர்களைச் சென்னை இராஜ்ஜியத்தோடு இணைக்கக் கோரி மக்கள் கிளர்ந்தெழுந்த அந்த—"

(பாடப்புத்தகம். விட்டுவிட்டேன். ஆனால் சுந்தரதாஸ் சொன்ன 'சமரம்' இந்தப் போராட்டம்தான் என்று வாசகருக்குத் தெரிய வேண்டியிருப்பதால் அடிக்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "காரின் பின்சீட்டில் இரத்தம் உறைந்து—"

(எடுத்த எடுப்பில் இரத்தத்தைக் காட்டி ஆளை இழுப்பது பிள்ளைபிடிக்கிறவன் வேலை.)

மூன்றாவது: ஜெயதாஸ் ஆளெண்ணாமல் காற்று அடிக்கமாட்டான்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. பாறசாலைக்குக் கிழக்கே ஜெயதாசுக்கு ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. வாடகைக்கு ஓட்டினான். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குப் போகிற ஒற்றை ஆளுக்கு ஒரு கணக்கு. பெருங்கடவிளைச் சந்தைக்கு வாழைக்குலையோடு போகிறவருக்கு இன்னொரு கணக்கு. கல்யாணம் என்றால் எத்தனை பேர் என்பதோடு நிற்கமாட்டான், அதில் தடியர்கள் எத்தனை பேர் என்றும் கேட்பான். சாயாக்கடைப் பொன்னப்பன், "இவனுக்க காரில கேற சாதகம் பாக்கண்டாம், எடை பாத்தா மதி" என்று கேலி செய்வார். ஜெயதாஸ் சிரிக்கமாட்டான். மூன்று பேர் என்றால் பின்டயரில் இருபத்திநாலு பவுண்டு. ஆறு பேர் என்றால் முப்பது.*

(* காற்று கூடினால்தான் டயர் வெடிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். காற்று குறைந்த டயரில் பாரம் ஏறினால் அதன் பக்கங்கள் மடங்கி மடங்கிச் சூடேறி, அதனாலும் வெடிக்குமாம். மெலிந்த ஆளின் தலையில் மூட்டையை வைத்து ஓடச் சொல்வது போல.)

சுந்தரதாஸ் 'தெற்றிப் போய்' என்றார். அறியாமல் தவறியவனை வைத்து எழுதினால் அது விபத்துச் செய்தி. ஆகவே என் ஜெயதாஸ் எல்லாம் அறிந்தவன்.

3

அவனுடைய அண்ணன் ராஜையா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். தன் ஊரும் தமிழ்நாட்டில் சேர வேண்டும் என்று ஊர்வலத்துக்குப் போனவர். போலீஸ் சுட்டதில் அடிவயிற்றில் குண்டு. குண்டடி பட்டவர்களையும் போலீஸ் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, கூட இருந்தவர்கள் மரச்சீனிக் கிழங்கு விளைகள் வழியாகத் தூக்கி, விடிகிற நேரத்தில் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். கம்பவுண்டர் கனகதாஸ் வந்து கட்டுப் போட்டார்.

"உச்சைக்கு முன்ன ஆஸ்பத்திரியில எத்தணும். ஆனா குலுங்கப்பிடாது கேட்டியா. குலுங்கினா உள்ள ரெத்தம் பொட்டும்."

மத்தியானத்துக்குள் போய்ச் சேர வேண்டிய ஆஸ்பத்திரி பதினொரு மைல். பெரிய ரோட்டில் போலீஸ். மிச்சம் இருந்தது கிழக்கே சுற்றிப் போகிற, சரளைக்கல் பாவிய சரல் ரோடு, முழுக்கக் குண்டும் குழியும். ஜெயதாஸ் பின்டயரின் பக்கத்தில் குந்தி, வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டான்.

"என்னத்துக்குலே காற்றைக் களையுக?" என்று கேட்டாள் ராஜபாய். ராஜையாவின் மனைவி.

"மூணு பேருதானே மைனி. நான், நீங்க, அண்ணன். பதினெட்டு மதி. அண்ணனுக்கு மெத்தையில கெடக்கியது போல இருக்கும்."

இதுவரை அவன் தப்பு செய்யவில்லை. கொஞ்சம் துணிச்சல்தான். மெல்லப் போனால், மூன்று பேருக்குப் பதினெட்டு தாங்கும். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பிறகு யாரும் என்னோடு சண்டைக்கு வரக்கூடாது.

4

இனி ராஜபாயைப் பற்றி. முதல் பிரதியில் அவளைப் பிடிவாதக்காரியாக எழுதி, மறுநாள் வாசித்துவிட்டு வெட்கப்பட்டேன். அப்படி எழுதினால் பாரத்தை அவள் தலையில் இறக்கிவிட்டு நான் கைவீசி நடந்துவிடலாம், அதற்காகத்தான் எழுதியிருக்கிறேன்.

உள்ளது இவ்வளவுதான். தேவாலயச் சபைக்காரர்களுக்குள் ஒரு முறை உண்டு. உயிருக்குப் போராடுகிறவரை ஜெபிக்க ஆளில்லாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டார்கள். வண்டி புறப்பட்டதும், ஆலய வளைவில் உபதேசியார் வேதபுத்தகத்தோடு நின்றார். கூட இரண்டு மூப்பர்கள், ராஜையாவின் தங்கை கிருபாபாய்.

"நிறுத்துலே தாசா," என்றாள் ராஜபாய். "கேறுங்க அய்யா. எல்லாரும் கேறுங்க."

நான்கு பேரும் ஏறினார்கள். இப்போது ஏழு. வண்டியின் பின்பக்கம் அமுங்குவதை ஜெயதாஸ் சீட்டில் இருந்தபடியே அறிந்தான். இறங்கிப் போய்ப் பம்பை எடுத்து, வால்வில் மாட்டி, நாலு அடி அடித்தான். ஜெபிக்க வந்தவர்களிடம் இறங்குங்கள் என்று அந்த ஊரில் எவனும் சொல்லமாட்டான். அவனும் சொல்லவில்லை.

ராஜபாய் தலையை வெளியே நீட்டினாள். "எலே, இப்பமா பம்பு அடிக்கிய நேரம்? அண்ணன் கெடக்கிய கெடப்பு உனக்குத் தெரியல்லியா?"

முப்பது பவுண்டுவரை ஏற்ற அரை மணி நேரம் வேண்டும். அவன் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பம்பை உள்ளே போட்டான்.

(இந்த இடத்தில் பலமுறை பேனாவை வைத்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வைத்தும் பார்த்தேன். "மைனி, ஏழு பேருக்கு இந்தக் காற்று—" வாயிலிருந்து அதற்குமேல் வரவில்லை.)

5

டயர் வெடித்த இடத்தை முதலில் காரக்கோணத்தில் வைத்தேன். இன்று அங்கே மருத்துவக் கல்லூரி நிற்கிறது, வாசகர் 'ஐயோ' என்பார். மலிவான 'ஐயோ'. இப்போது பெயரில்லாத ஓர் ஏற்றத்தில் வெடிக்கிறது. ஏழு மைல் தாண்டியிருந்தது.

ஜாக்கி வைக்க வேண்டும். எல்லாரும் இறங்க வேண்டும். ராஜையாவையும் பெட்ஷீட்டோடு இறக்கி, அயனிமர நிழலில் கிடத்தினார்கள். மெத்தையில் கிடப்பது போலக் கொண்டுவந்த உடம்பு அந்த ஒரு தூக்கலில் எல்லாக் குலுக்கலையும் பட்டுவிட்டது. உபதேசியார் ஜெபித்தார். மூப்பர்கள் மெல்லப் பாடினார்கள். சரலில் ஜாக்கி இரண்டு தடவை வழுக்கியது.

"தாசா... எத்தியாச்சாலே?"

"இன்னா எத்தும் அண்ணா. இப்ப எத்தும்."

மாற்று டயரின் கடைசி நட்டை முறுக்கும்போது பாட்டு நின்றுவிட்டது. ஜெயதாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நட்டையே முறுக்கிக்கொண்டிருந்தான்.

6

இரண்டு வருஷம் கழித்து மாநில எல்லைக்குக் கோடு போட்டார்கள். அது ராஜையாவின் கல்லறைக்குத் தெற்கே போயிற்று. தமிழ்நாட்டுக்காகப் போனவர் கேரளத்தில் கிடக்கிறார். இதைப் பற்றி எழுத என்னிடம் ஒரு பக்கம் இருந்தது, கிழித்துவிட்டேன். கோபமாக எழுதியிருந்தேன், ஆனால் அது ஜெயதாசின் கோபம் அல்ல. அவனுக்கு எல்லை எங்கே போனால் என்ன? ராஜையாவின் மூன்று பிள்ளைகளும் ராஜபாயும் அவன் பொறுப்பில், ஒரே வீட்டில்.

அதற்கெல்லாம் முன்னால், அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அவன் ஒரு காரியம் செய்தான். வெடித்த டயரைக் கார் ஷெட்டில் வைத்து, கிழிசலின் ஓரத்தில் ஓர் ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்கினான்.

ஏன்? காற்று குறைவு என்று தெரிந்தால் குறைத்தது அவன். ஆள் கூடுதல் என்று தெரிந்தால் கூட்டியது அவள். ஆணி என்றால் யாரும் இல்லை.

7

ராஜபாய் ஷெட்டுக்கு வந்தாள். "டயர் எப்படிலே பொட்டிச்சு?"

"ஆணியாக்கும் மைனி. ரோட்டில கெடந்திருக்கு. பாருங்க."

அவள் குனிந்து பார்த்தாள். புது ஆணி. துரு இல்லை, தேய்வு இல்லை, சுத்தியல் பட்ட தலை பளபளவென்று இருந்தது. சரல் ரோட்டில் கிடந்து டயரில் ஏறிய ஆணி அல்ல அது என்று யாருக்கும் தெரியும். இதற்குப் பிறகு அவள் சொல்வதை மூன்று விதமாக எழுதினேன்.

"சவத்து ஆணி" என்று நம்பியது போலச் சொல்லிவிட்டுப் போகிறாள். (பொய்யின் பக்கத்தில் இன்னொரு பொய். இருவரும் தூங்குவார்கள்.)

"நீ பம்பு எடுத்தியே மக்கா, நான்தானே—" என்று உடைகிறாள். (பாரம் அவளுக்கு மாறுகிறது. பிள்ளைகளை யார் தேற்றுவது?)

"காற்றைக் களைஞ்சது நீயில்லியா?" (இதை எழுதிய அன்று நான் சாப்பிடவில்லை.)

மூன்றில் ஒன்றையும் என்னால் வைக்க முடியவில்லை. எதைச் சொன்னாலும், அதற்குப் பிறகு அவர்கள் ஒரே அடுப்பில் கஞ்சி வைத்து, ஒரே முற்றத்தில் முப்பது வருஷம் வாழ வேண்டும். எழுதுகிறவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கதை முடிந்ததும் எழுந்து போய்விடுவான்.

ராஜபாய் ஆணியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்திருக்கிறாள். வாய் திறக்கிறாள். இனி அவளுக்கான சொல் உங்களிடம்தான். எதுவானாலும் சொல்லுங்கள், கொஞ்சம் பையச் சொல்லுங்கள். ஜெயதாஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.