தம்பியின் பின்சுவர்

இன்ஜினியரம்மா கறார் பேர்வழி. ஒரு கல் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தால் போதும், கொத்தனாரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். எல்லோரையும் ஆட்டிவைக்கிற அந்த அம்மாள், தம்பி என்று வந்துவிட்டால் மட்டும் வெண்ணெயாய் உருகிப்போவாள்.

தம்பி கார் மெக்கானிக். அவன் பட்டறைக்கு அவள்தான் வரைபடம் போட்டுக் கொடுத்தாள். சிமென்ட் கல் சுவர், தகரக் கூரை, முன்பக்கம் அகலமான ஷட்டர். பலத்த காற்றுக்கு நிற்கவேண்டுமானால் பின்சுவரின் நடுவில் உட்பக்கமாக ஒரு தூண் வேண்டும் என்று கணக்கு சொன்னது.

"தூணை நட்டா நான் காரை எங்கக்கா திருப்புறது? உன் தலை மேலயா?" என்றான் தம்பி.

அவள் கணக்கை மறுபடி போட்டாள். ஷட்டர் மூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் காற்று உள்ளே வராது. தூண் இல்லாமலே சுவர் தேறிவிடும். அப்படியே வைத்துக்கொண்டாள். காலையில் ஏற்றுகிற ஷட்டரை அவன் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் இறக்குவான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். கமுக்கமாக இருந்துவிட்டாள்.

மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. அன்று மதியம் காற்று பேயாய் அடிக்க ஆரம்பித்ததும் அவளுக்குப் பட்டறை ஷட்டர் ஞாபகம் வந்தது. தம்பிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. வண்டியை விரட்டிக்கொண்டு போய்ப் பட்டறை வாசலில் இறங்கினாள். ஷட்டர் முழுசாகத் திறந்து கிடந்தது. காற்று நேராக அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே தம்பி மனைவி பறக்கிற காகிதங்களைத் துரத்திக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி!"

"ஷட்டரை இறக்கு மொதல்ல! அவன் எங்க?"

"இங்க ஒரே தூசி அண்ணி. வெளிய, பின்சுவருக்கு அந்தாண்ட காத்தே இல்லன்னு அங்க உக்காந்து வேலை பாக்குறாரு."

இன்ஜினியரம்மா பின்சுவரைப் பார்த்தாள். உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழி கிடையாது. அது பின்சுவரைத்தான் தள்ளும். சுவர் விழுந்தால் காற்றே அடிக்காத அந்தப் பக்கம்தான் விழும்.

"தள்ளி வாடா!" என்று அலறினாள். அது அவன் காதுக்கு எட்டவில்லை. அவள் கண்ணெதிரே சுவர் நடுவில் பிளந்து வெளிப்புறமாகச் சாய்ந்தது. அது இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பக்கத்துக் கடைக்காரர்கள்தான் ஓடிவந்து கற்களைப் புரட்டினார்கள். தம்பிக்கு உயிர் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே பார்க்கச் சகிக்கவில்லை.

"எந்தப் புண்ணியவான் கட்டின சுவரு இது?" என்று ஒருவர் கத்தினார்.

"அண்ணி வந்ததுமே ஷட்டரை இறக்குன்னாங்க, நான்தான்..." என்று தம்பி மனைவி தேம்பினாள்.

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "சுவரைக் குத்தம் சொல்லாதீங்க. எங்கக்கா கணக்கு தப்பாது. காத்தடிச்சா ஷட்டரை மூடணும்னு அன்னிக்கே சொல்லியிருப்பா. நான்தான் காதுல வாங்கியிருக்க மாட்டேன்."

அவள் அவன் பக்கத்தில் மண்டியிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லவே இல்லடா. திறந்திருந்தா நிக்காதுன்னு எனக்குத் தெரியும்."

அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. வலியைக்கூட மறந்தவனாக அவளையே பார்த்தான்.

"தெரியுமாக்கா?" என்றான்.