எதிர்ப்பட்டறை

மழைக்காலம் முடிந்த ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தத் தெருவின் கார்கள் ஓட்டுபவர் இல்லாமல் தாமாகவே கிளம்பிப் பட்டறைக்குப் போயின. அதே வாரத்தில் டயர் விலையும் ஏறியது. ஜனங்கள் டயர் விலையைப் பற்றித்தான் அதிகம் புலம்பினார்கள். கார்கள் ஒழுங்காகவே போயின என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பும் இடத்தில் விளக்குப் போட்டன, சிவப்புக்கு நின்றன, பள்ளத்தில் மெதுவாக இறங்கி ஏறின. சொந்தக்காரர்கள் வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு பின்னால் நடந்தார்கள். முச்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர், யாருக்கு அபராதம் எழுதுவது என்று கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு, மறுவாரத்திலிருந்து அவற்றுக்கும் கைகாட்டி வழிவிடத் தொடங்கினார்.

தெருவில் பட்டறைகள் இரண்டு, எதிரெதிரே. இரண்டையும் நடத்தியவர்கள் சகலைகள். அக்காளைக் கட்டியவர் மூத்தவர், தங்கையைக் கட்டியவர் இளையவர். வந்த கார்கள் அத்தனையும் இளையவர் வாசலில் போய் வரிசை கட்டி நின்றன. மூத்தவர் வாசலைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் வேகம் எடுத்தன. ஒரு நீலக் கார் அந்தப் பக்கத்துக் கண்ணாடியை மடக்கிக்கொண்டே போனதை மூத்தவர் தம் கண்ணால் பார்த்தார். அந்த நிமிஷத்தில் அவருக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் பிறகு அணையவே இல்லை.

வேலை தெரியாதவர் என்று அவரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஓடுகிற என்ஜின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, உள்ளே எந்த வால்வு சரியில்லை என்று சொல்லக்கூடிய மனிதர். கோளாறு என்னவோ அங்கேதான் இருந்தது. சின்ன வேலை அவருக்குக் கௌரவக் குறைச்சல். “தண்ணி ஊத்தவும் காத்து புடிக்கவுமா நான் தொழில் கத்துக்கிட்டேன்?” என்பார். எந்த வண்டி வந்தாலும் அவர் தீர்ப்பு ஒன்றுதான்: “என்ஜின இறக்கணும்.” பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் காரில் ‘கடகட’ என்று சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தபோது, என்ஜினை முழுதாக இறக்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, மறுபடி பூட்டி, கடைசியில் பார்த்தால் சீட்டுக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது. வாத்தியார் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இளையவருக்கு என்ஜினைப் பற்றி மூத்தவருக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாது. ஆனால் வந்த வண்டியை முதலில் நிழலில் நிறுத்தி ஆறவிடுவார். பிறகு ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையை வெந்நீர் விட்டுக் கழுவுவார், கண்ணாடி துடைக்கும் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுவார். சொந்தக்காரரிடம் பொறுமையாகப் பேசுவார். காத்து எப்பவும் காலையில வண்டி ஓடறதுக்கு முன்னாடி பாருங்க. கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டாதீங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில கை வெக்காதீங்க சார், முகம் வெந்துரும். இவ்வளவுதான் அவருடைய வித்தை. மூத்தவர் ஷட்டர் இடுக்கு வழியாக மாதக் கணக்கில் பார்த்தும் இதற்கு மேல் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. “ஏதோ வசிய மருந்து வெச்சிருக்கான். இல்லன்னா எப்படி?” என்று மனைவியிடம் கறுவினார்.

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு கார், யாரும் ஓட்டிவராமல், தானாக வந்து தம் வாசலில் நிற்க வேண்டும். எதிரே இருப்பவன் அதைப் பார்க்க வேண்டும். அதற்காகவே புதிதாகக் காற்று பிடிக்கும் இயந்திரம் வாங்கி வைத்தார், வாசலைக் கழுவிவிட்டார், காற்று இலவசம் என்று பலகையும் மாட்டினார். ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் வந்தார்கள். தானாக ஒன்றும் வரவில்லை. இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. மச்சினி, அதாவது சகலையின் மனைவி, இரண்டாவது பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், முச்சந்தி காவலர் ஓய்வு பெற்றார், புதிதாக வந்தவரும் கார்களுக்குக் கைகாட்டினார்.

அப்புறம்தான் அவருடைய சொந்த வெள்ளைக் கார் போயிற்று. கல்யாணமான புதிதில் வாங்கியது, மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது, அது. ஒரு காலையில் வாசலில் காணோம். எதிரே வரிசையில் மூன்றாவதாக, நல்ல பிள்ளை மாதிரி நின்றது. மறுநாள் சங்கிலி போட்டுக் கட்டினார். கேட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார். பேட்டரி இல்லாமலே போயிற்று. கடைசியில் காலாற நடக்கிறவர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தார். தெருவே ஜன்னலில் நின்றது.

இளையவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. “அண்ணே, சத்தியமா நான் கூப்பிடல” என்றார்.

“கூப்பிடாமத்தான் வந்துச்சாக்கும்!”

“ஆமாண்ணே. ஆயில் தார் மாதிரி ஆயிருச்சு. கடைசியா எப்ப மாத்துனீங்க?”

மூத்தவருக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. ஊரில் உள்ள என்ஜினையெல்லாம் இறக்கியவர் தம் வண்டியின் பானெட்டைத் திறந்தே வருஷக்கணக்காகிவிட்டது. “எங்கிட்ட என்ன குறை உனக்கு?” என்று காரைப் பார்த்துத்தான் கேட்டார். பதிலை அவர் மனைவி சொன்னாள், வீட்டுக்கு வந்த பிறகு, கீரை ஆய்ந்துகொண்டே: “சாப்பிட்டியான்னு எங்களையே ஒரு நாள் கேட்டதில்ல. வண்டிய எங்க கேக்கப் போறீங்க!” அன்றிலிருந்து அவர் சகலையிடம் பேச்சை விட்டார். அக்காளும் தங்கையும் மட்டும் போனில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டார்கள். அதுவும் அவருக்கு எரிந்தது.

இளையவரிடம் ஒரு சின்னப் பச்சைக் கார் இருந்தது. பெயிண்ட் உரிந்து, பட்டறை மூலையில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும். ஸ்பேனர், துணி, டீ டம்ளர் எல்லாம் அதன் பானெட் மேல்தான். மச்சினி அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுவாள். ஊர் வண்டிகளைப் பார்ப்பதற்கே இளையவருக்குப் பொழுது போதவில்லை. பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்த ஒரு வியாழக்கிழமை காலை, அந்தப் பச்சைக் கார் மேலே இருந்த டம்ளரைக் கீழே தள்ளிவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து, மூத்தவர் வாசலில் வந்து நின்றது.

அவர் முதலில் நம்பவில்லை. பக்கத்துக் கண்ணாடிக் கடைக்கு வந்திருக்குமோ என்று எட்டிப் பார்த்தார். கார் சின்னதாக ஒரு ஹாரன் அடித்தது. ஆகா! அதற்குப் பிறகு அவர் கால் தரையில் பாவவில்லை. இரண்டு ஷட்டரையும் முழுக்கத் தூக்கிவிட்டார், டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், வாத்தியாருக்குப் போன் போட்டார். “யாரு வண்டின்னு பாருங்க. நல்லாப் பாருங்க!” எதிரே இளையவர் சாமான் வாங்க வெளியூர் போயிருந்தார். அது ஒன்றுதான் குறை.

எல்லோரும் பார்த்துவிட்டுப் போன பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது, டப்பாவில் ஆயில் அடியில்தான் கிடந்தது. மூத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். ஊருக்கே புத்தி சொல்லுகிறவன் வண்டியின் லட்சணம்! அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. சக்கரத்தை மாட்டி, காற்றுப் பிடித்து, பளபளவென்று துடைத்துத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன? இன்றோ நாளையோ ஒரு சரிவில் பிரேக் பிடிக்காமல் போகும். ஊரே காறித் துப்பும். ஒரு கார்கூட இனி அவன் வாசலில் நிற்காது. சும்மா ஒரு கணம் வந்து போன நினைப்பு என்று சொல்லி அவரைக் காப்பாற்ற முடியாது. நிதானமாக, ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் யோசித்தார். பிறகு சக்கரத்தை மாட்டினார், ஜாக்கியை எடுத்தார், துடைத்தார்.

“போ” என்றார். கார் போகவில்லை. “வேலை முடிஞ்சிருச்சு, போ!” என்று அதட்டினார். அசையவில்லை. ஓட்டிக்கொண்டு போய் எதிரே விட்டுவிடலாம் என்று ஏறி உட்கார்ந்து, கிளப்புவதற்கு முன் பழக்கத்தில் பிரேக் மிதியை அமுக்கினார். மிதி அடிவரைக்கும் போயிற்று. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. எத்தனையோ வண்டிகளில் அந்த வெறுமையை அவர் கால் அறிந்திருக்கிறது, ஆனால் இந்த சீட்டில் உட்காரப் போவது மச்சினி, பின்னால் இரண்டு பிள்ளைகள். “அடப்பாவி” என்று தம்மைத்தான் சொல்லிக்கொண்டு இறங்கினார்.

சாயங்காலம் வரை வேலை நடந்தது. என்ஜினை அவர் தொடவே இல்லை. பேட் மாற்றினார், குழாய் மாற்றினார், புது ஆயில் ஊற்றினார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற மட்டும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதியை அமுக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் தளர்த்திக் காற்றை விட வேண்டும். கூட ஆள் இல்லை. மூத்தவர் சக்கரத்தருகே குனிந்து, யாரும் இல்லாத சீட்டைப் பார்த்து, “அமுக்கு” என்றார். மிதி கீழே போயிற்று. “புடி” என்றார். அப்படியே நின்றது. “விடு.” மேலே வந்தது. நாலு சக்கரத்துக்கும் இப்படியே வேலை வாங்கினார்; ஒரு தடவைகூட அது அவசரப்படவில்லை. இத்தனை வருஷத்தில் தமக்கு வாய்த்த நல்ல கூட்டாளி இதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

வெளியூரிலிருந்து திரும்பிய இளையவர் தெருவின் அந்தப் பக்கம் பையும் கையுமாக நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. அந்த முகத்தில் இருந்தது என்ன என்று மூத்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்த முகம்தானே. இளையவர் மெல்லக் கடந்து வந்து காரின் கதவில் கை வைத்தார். “நான் இருக்கேன்ல. எங்கிட்டச் சொல்லக் கூடாதா?” என்றார், காரிடம்.

மூத்தவர் கையைத் துடைத்துக்கொண்டு பேசினார், இத்தனை காலத்துக்குப் பிறகு. “தம்பி, மிதி அடிவரைக்கும் போகுது. கீச்சுன்னு சத்தம் வந்தப்பவே பாத்திருக்கணும். பிள்ளைங்க போற வண்டி.”

“சரிண்ணே” என்று இளையவர் எந்த வாடிக்கைக்காரரையும் போலத் தலையைத் தொங்கப் போட்டுக் கேட்டுக்கொண்டார். காலையில் தாம் நினைத்தது என்ன என்பதை மூத்தவர் அவரிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

அது நடந்து வருஷங்கள் ஆகின்றன. வியாழக்கிழமை காலைகளில் வெள்ளைக் கார் அங்கே போகிறது, பச்சைக் கார் இங்கே வருகிறது. நடுத்தெருவில் இரண்டும் ஒன்றுக்கொன்று விளக்கைச் சிமிட்டிக்கொள்கின்றன, மற்ற வண்டிகள் நின்று வழிவிடுகின்றன, யாரும் ஹாரன் அடிப்பதில்லை. வேறு எந்தக் காரும் இதுவரை மூத்தவரிடம் தானாக வந்ததில்லை. எதிரே தம் வெள்ளைக் காரின் கண்ணாடியைச் சகலை துடைப்பதைப் பார்க்கையில் இன்றைக்கும் அவருக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் நிமிர்ந்து பார்த்தால், சகலையும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்க மறந்து, இந்தப் பக்கமே பார்த்தபடி நிற்பது தெரிகிறது. உடனே மூத்தவர் பச்சைக் காரின் பானெட்டை, அவசரமே இல்லாமல், அவன் நன்றாகப் பார்க்கும்படி திறக்கிறார்.