நடுவில் பிளஸ்

கரண்டைப் பற்றிப் பெய்ரூத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதுவும் ஆறு வருடம் மாண்ட்ரியலில் உட்கார்ந்துவிட்டு வந்தவன் எடுக்கவே வேண்டாம்.

ரம்ஸியும் நானும் சேர்ந்து ஆரம்பித்த குழு இது. எங்கள் இருவருக்கும் கிட்டார், நிமருக்கு டிரம்ஸ். ஒருநாள் விசா வந்துவிட்டது என்றான் ரம்ஸி, மறுவாரமே கனடாவுக்கு விமானம் ஏறிவிட்டான். எங்களை அம்போ என்று விட்டுப் போனவன் போன குளிர்காலத்தில் போன் செய்தான்.

"கின்வா, நம்ம ஹம்ரா தெருவுல ஒரு கச்சேரி போடுவோம்டி. நல்லா போச்சுன்னா நான் அங்கயே வந்துடறேன். இங்க பனியில செத்துட்டு இருக்கேன்."

"வாடா, வா. பனியாவது கரெக்டா வருது அங்க" என்று சிரித்துவிட்டு, போனை வைத்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பைத்தியக்காரி, நம்பிவிட்டேன். அவன் திரும்பி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

கிட்டார் சத்தத்தை மாற்ற என் காலடியில் நான்கு பெடல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாதம். எதிரொலி தருவது ஒன்பது வோல்ட் கேட்கும். நடுக்கம் தருவதற்குப் பன்னிரண்டு. இன்னொன்றுக்குப் பதினெட்டு வேண்டும், அதற்கு இரண்டு பேட்டரிகளைக் கோத்து வைத்திருந்தேன். மற்றதெல்லாம் வைஃபை பேட்டரியில் ஓடும். கரண்ட் போனாலும் இன்டர்நெட் போகாமலிருக்க வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறோமே, அந்தச் சின்னப் பெட்டி. அதன் பிளக்கில் நடுவில் பிளஸ், சுற்றிலும் மைனஸ். கடையில் விற்கிற பெடல்களோ இதற்கு நேர் எதிர். அதனால் திருப்பிக் கோத்த வயர்கள் வேண்டும். குழம்பிவிடக் கூடாதென்று அவற்றில் சிவப்பு டேப் சுற்றியிருப்பேன்.

நான்காவது பெடலுக்குச் சிவப்பு வயர் வேண்டாம். அது ரம்ஸி செய்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்த உடைந்த ரேடியோவிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கிச் செய்தான். வைஃபை பேட்டரியிலேயே நேராக ஓடட்டும் என்று நடுவில் பிளஸ் வைத்தான். "இதை எவன் வேற எதுல சொருகப் போறான்?" என்று மாற்றிச் சொருகினால் கருகாமல் காக்க ஒரு டையோடுகூடப் போடவில்லை. மிதித்தால், அழுது தொண்டை கட்டியவள் கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். எங்கள் கூட்டம் அதற்காகத்தான் வரும்.

கோடையில் வந்து இறங்கினான். கச்சேரியன்று சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். அதை மிதித்தேன். ரம்ஸி வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஐயோ, இந்தச் சத்தம்டி! இதைக் கேட்டு எத்தனை நாளாச்சு."

வந்துவிடுவான் என்று அப்போது நிச்சயமாக நினைத்தேன்.

ஆட்கள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். ரம்ஸி பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். கறுப்பாக, கனமாக, வரிசையாக எட்டு வாய்கள். ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு என்று எல்லாம் அதிலேயே இருந்தன.

"உனக்குத்தான். இந்தக் குப்பையை எல்லாம் தூக்கிப் போடு. வைஃபை பேட்டரியாம், டேப்பாம்! பாக்கவே கேவலமா இருக்கு."

"இந்தக் குப்பைதான்டா ஆறு வருஷமா ஓடுது."

அவன் கேட்டால்தானே! மண்டியிட்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தான். கடைசிப் பெடலில் கை வைத்ததும் நான் குனிந்தேன்.

"ரம்ஸி, இதுல நடுவுல பிளஸ்டா."

"அடிப்பாவி, நான் செஞ்சதை எனக்கே சொல்லித் தர்றியா? எல்லாத்துக்கும் நடுவுல மைனஸ்தான்."

"இதுக்கு மட்டும் இல்ல. நீதான் அப்படி வச்ச."

"நான் வச்சது எனக்குத் தெரியாதா? போய்த் தண்ணி குடி, போ."

செய்தவனே சொல்கிறான், நான் என்ன செய்ய? பிளக்கை அழுத்திச் சொருகினான். பெட்டியில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது.

மூன்றாவது பாட்டில்தான் அந்தச் சத்தம் வரும். கூட்டம் கை தூக்கிக் காத்திருந்தது. மிதித்தேன். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தேன். என் கிட்டாரே ஊமையாகிவிட்டது. குனிந்தால் கருகிய வாடை. நிமர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

ரம்ஸி மைக்கைப் பிடித்தான்.

"என்ன பண்றது மக்களே, நம்ம ஊரு கரண்ட்!"

சிரித்தார்கள், கை தட்டினார்கள். மேடையில் விளக்கு அத்தனையும் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஒரு இருமல்கூட இருமவில்லை.

கச்சேரி முடிந்து வாசலில் நின்றோம். பழைய நண்பர்கள் சுற்றி நிற்க, ரம்ஸி கையை விரித்தான்.

"பாத்தீங்கல்ல? ஒரு பாட்டை முழுசா வாசிக்க முடியுதா இங்க? எப்படிடா திரும்பி வர்றது, சொல்லுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

"கரண்ட் இருந்துச்சு ரம்ஸி. நீ மாத்திச் சொருகின."

"சரி விடு கின்வா. ஒரு பெடலுக்கா இவ்வளவு கோவம்? அங்கேர்ந்து புதுசா ஒண்ணு அனுப்பறேன்."

எதற்குக் கோபம் என்றுகூடத் தெரியாதவனிடம் என்ன பேசுவது? அந்த வாரமே கிளம்பிவிட்டான். பெடலைத் திறந்து பார்த்தேன், இரண்டு டிரான்சிஸ்டர்களும் போய்விட்டன. கறுப்புப் பெட்டி மட்டும் அலமாரி மேல் இருக்கிறது. சுவரில் கரண்ட் இருந்தால்தான் அதற்கு உயிர்.

நேற்று போன் செய்தான்.

"பாக்ஸ் எப்படி இருக்கு?"

"கரண்ட் இருக்கும்போது நல்லா எரியுது."

"பாத்தியா! அதைத்தானே நானும் சொன்னேன்."

"ரம்ஸி, இங்க கரண்ட் போயிடுச்சு. இன்டர்நெட் கட் ஆகப்போகுது, வைக்கறேன்."

என் தலைக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூலையில் வைஃபை பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஏறிக் கிடந்தது. இந்த ஊரில் ஒரு சின்னப் பிள்ளைகூட இந்தப் பொய்யை நம்பாது.

"அடடா, பாவம்டி நீங்க. சரி, வை" என்றான்.